சேவல் எங்கே?



தாமிரபரணி ஆறு பொதிகையிலே பிறந்து, எட்டு அணைக்கட்டுகளைக் கடந்து, புன்னைக்காயலுக்கு அருகே கடலோடு கலக்கிறது என்பதைச் சிறு வகுப்பிலேயே படித்திருப்பீர்கள். அவ்வெட்டனுள் கடைசியானது ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டு. 19-ஆம் நூற்றாண்டில், ஆங்கிலேயர் ஆட்சிக் காலத்தில் கட்டப்பெற்றது. அணைக்கு மேற்கே ஆறு ஓட்டத்தை மறந்து குளம்போலப் பரந்து கிடக்கும். வண்டல் மேடிட்டு, அமலைச் செடி படர்ந்து, சீமைக்கருவேல் முளைத்து நிற்கும் அவ்விடத்தைக் கண்டு உழவர் வருந்துவர். அவர்கள் வருந்துவது முறையே. ஆயினும் அந்தச் சேற்றையும் மேட்டையும் தேடிக்கொண்டு, கார்காலம் தோறும், நம் ஊர்ப் பெயரை அறியாத சில விருந்தினர் வந்து சேர்கின்றனர். அவர்கள் வாத்துகள். அவர்களை இன்னார் என்று அறிந்துகொள்ள நான் பட்ட பாட்டையும், அதிலே ஒரு மாணவனுக்கு நான் இழைத்த தவற்றையும் பற்றித்தான் இன்று பேச எண்ணியிருக்கிறேன்.

1988-ஆம் ஆண்டு, கார்த்திகை மாதம். அப்பொழுது எனக்கு வயது 29. ஆசிரியப் பயிற்சி முடித்து, ஆற்றங்கரை ஊர் ஒன்றின் உயர்நிலைப் பள்ளியில் அறிவியல் கற்பித்து வந்தேன். எட்டாம் வகுப்பு மாணவர்களை ஒரு நாள் காலை ஆற்றுக்கு அழைத்துச் சென்றேன். பாடம், நீர்ப்பறவைகளின் கால் அமைப்பு. பயிற்சிக் கல்லூரியில் பழகிய வண்ணம் பாடக்குறிப்பு எழுதி வைத்திருந்தேன். அக்குறிப்பிலே, ‘ஆசிரியர் வினா’ என்று ஒரு பத்தியும், ‘எதிர்பார்க்கும் விடை’ என்று மற்றொரு பத்தியும் இருக்கும். மாணவர் வினவுவதற்கென்று பத்தி எதுவும் இல்லை. அக்குறையை அன்று நான் உணர்ந்தேனல்லேன்.

நீரின் நடுவே முப்பது நாற்பது சிறு வாத்துகள் மிதந்துகொண்டிருந்தன. எல்லாம் ஒரே பழுப்பு. வைக்கோலும் சேறும் கலந்தாற்போன்ற நிறம். அவை என்ன வாத்து என்று ஒருவன் கேட்டான். எனக்குத் தெரியாது. ஆனால் தெரியாது என்று சொல்ல எனக்கு அந்நாளில் நா எழுவதில்லை. “காட்டு வாத்து, எல்லாம் பெட்டை,” என்றேன். அழகிய நிறம் உடையது ஆண், மங்கிய நிறம் உடையது பெண் என்று பாடநூலில் படித்ததை வைத்துக்கொண்டு சொன்ன விடை அது.

பின்வரிசையிலிருந்து ஒரு குரல் எழுந்தது. “எல்லாம் பெட்டைன்னா, சேவல் எங்க சார்?”

எத்துணைச் சிறந்த வினா! மயில் நீங்கலாகப் பறவைகளின் ஆணுக்கெல்லாம் சேவல் என்னும் பெயர் உரியது என்று தொல்காப்பிய மரபியல் கூறுகிறது. அதனை அறியாமலே அச்சிறுவன் சரியான சொல்லைச் சரியான இடத்தில் வைத்துக் கேட்டான். நானோ, “சேவல் வேறு குளத்தில் இருக்கும், உட்கார்,” என்று சொல்லி அடுத்த வினாவுக்குப் போய்விட்டேன். அவன் உட்கார்ந்தான். பாடமும் குறித்த நேரத்தில் முடிந்தது.

அதன்பின் முப்பது ஆண்டுகள் கழிந்தன. 2017-இல் தலைமையாசிரியனாக ஓய்வு பெற்றேன். ஓய்வுக் காலத்தில் ஒருவர் கோயில் குளம் என்று போவார். மற்றொருவர் நிலத்தைப் பார்ப்பார். எனக்கு அந்தப் பழுப்பு வாத்துகளின் நினைவு அகலவில்லை. இருகண் தொலைநோக்கி ஒன்று வாங்கினேன். எட்டு மடங்கு பெரிதாக்கிக் காட்டுவது. முன்புறக் கண்ணாடியின் விட்டம் 40 மில்லிமீட்டர். அதைவிடப் பெரியது வாங்க வேண்டாம் என்று உங்களுக்கும் சொல்வேன். மடங்கு கூடினால் கையின் நடுக்கமும் அத்தனை மடங்கு கூடும். என் வயதில் இது நூலைப் படித்து அறியவேண்டிய உண்மையன்று. நூலாக, முதன்முதல் 1941-இல் வெளிவந்து இன்றும் பதிப்புக் காணும் சாலிம் அலியின் இந்தியப் பறவைகள் பற்றிய நூலைக் கைக்கொண்டேன்.

2018 நவம்பரில் ஒரு நாள் விடியலில் அணைக்கட்டுக்குப் போனேன். முதல் நாள் எல்லா வாத்துகளும் கறுப்பாகத் தெரிந்தன. சூரியனைப் பார்த்து நின்றால் அன்னமும் காக்கைதான். நம் ஆறு மேற்கிலிருந்து கிழக்கு நோக்கி ஓடுவது. கார்காலத்திலும் பனிக்காலத்திலும் ஞாயிறு தெற்கே சாய்ந்து செல்வது. ஆதலின் தென்கரையில் நின்று வடக்கு நோக்கினால் வெளிச்சம் நம் முதுகுப்புறமிருந்து பறவையின்மேல் விழும். இச்சிறு கணக்கை நான் கண்டுபிடிக்க மூன்று நாள் ஆயிற்று. புவியியலையும் நானே பல ஆண்டு கற்பித்தவன் என்பதை வெட்கத்துடன் சேர்த்துச் சொல்லிக்கொள்கிறேன்.

அறியாத வாத்து ஒன்றைக் கண்டால், அது வாத்துதானா என்று முதலிற் கேட்க வேண்டும். நீரில் மிதப்பதெல்லாம் வாத்தன்று. நெற்றியில் வெள்ளை நாமம் இட்டுக்கொண்டு கறுப்பாக மிதப்பது நாமக்கோழி. அதன் அலகு கோழியலகு. உள்ளங்கையளவு உடலோடு, பார்த்துக்கொண்டிருக்கும்போதே மூழ்கி வேறிடத்தில் எழுவது முக்குளிப்பான். கழுத்தை மட்டும் பாம்புபோல நீட்டுவது பாம்புத்தாரா. பெயரில் தாரா இருந்தும் அது நீர்க்காகத்துக்கு உறவேயன்றி வாத்துக்கு உறவன்று. இவற்றை விலக்கிய பின்னரே வாத்துகளுக்கு வர வேண்டும்.

அடுத்து, தெரிந்த பறவையொன்றை அளவுகோலாகக் கொள்ள வேண்டும். நீரின் நடுவே இருக்கும் பறவையின் பருமனைக் கண்ணால் மதிப்பது இயலாத காரியம். அதன் பக்கத்தில் நம் ஊரிலேயே ஆண்டு முழுவதும் வாழும் புள்ளிமூக்கு வாத்து இருக்குமாயின் நல்லது. அலகின் நுனி மஞ்சள், அலகின் அடியில் இரு சிவந்த புள்ளிகள், செங்கால். அதன் நீளம் ஏறத்தாழ 60 சென்டிமீட்டர். ஆணும் பெண்ணும் ஒரே தோற்றம் உடையவை. எந்த மாதத்திலும் உடை மாற்றாதவை. அதை ஒருமுறை நன்றாகக் கண்டுகொண்டால், மற்றதை அதன் பக்கத்தில் வைத்து, முக்கால் பங்கா, அரைப் பங்கா என்று சொல்லிவிடலாம். நான் கண்ட பழுப்பு வாத்துகள் அதில் மூன்றில் இரண்டு பங்கு இருந்தன.

பிறகு உண்ணும் முறை. தலையை நீருக்குள்ளும் வாலை வானத்துக்கும் காட்டிக் கவிழ்ந்து மேய்வன ஒருவகை. முழுதும் மூழ்கி இரை தேடுவன மற்றொரு வகை. முன்னவை எழும்போது நீரிலிருந்து நேரே மேலே தாவிப் பறக்கும். பின்னவை நீரின்மேல் சிறிது தூரம் ஓடித்தான் எழும். அதன்பின் அலகு. அகப்பைபோல் நுனி அகன்ற அலகை நீரில் தோய்த்தவாறே நீந்தினால் அது தட்டைவாயன். வேறு எதையும் பார்க்க வேண்டியதில்லை. நீண்டு மெலிந்த கழுத்தும் கூரிய வாலும் உடையது ஊசிவால் வாத்து. அதன் பேடைக்கு வால் குறுகியிருந்தாலும் கழுத்தின் ஒயில் காட்டிக்கொடுத்துவிடும். செங்கால் நாரையைப் பாடிய சத்திமுத்தப் புலவர், தம் வறுமையைச் சொல்லுமுன் அந்நாரையின் கால் நிறத்தையும் அலகின் வடிவையும்தான் சொன்னார். பறவையை அடையாளம் காண்பவர் முதலிற் பார்க்க வேண்டியவை அவ்விரண்டுமே என்பதை அவர் எவரிடம் கற்றாரோ!

இவற்றையெல்லாம் பார்த்தேன். ஆனால் பார்க்குமுன்னரே புத்தகத்தைத் திறந்துவிட்டேன். இதுதான் நான் செய்த பிழை, நீங்கள் செய்யாதீர்கள். புத்தகத்துப் படம் கண்ணில் ஏறிக்கொண்டால், பறவையிடம் இல்லாததும் இருப்பதாகத் தோன்றும். ஒரு வாத்து சோம்பல் முறித்துச் சிறகை விரித்தபோது பச்சைப் பட்டை ஒன்று பளிச்சிட்டது. புத்தகத்தில் கிளுவைக்குப் பச்சைப் பட்டை என்றிருந்தது. பருமனும் ஏறக்குறைய ஒத்தது. மகிழ்ச்சியுடன் குறிப்பேட்டில் ‘கிளுவை, 34’ என்று மையால் எழுதினேன். அடியில் கோடும் போட்டேன். 1988-இல் இருந்த ஆசிரியன் இன்னும் என்னுள்ளே ஓய்வு பெறாமல் இருந்தான் என்பதற்கு அந்தக் கோடே சான்று.

நான்கு நாள் கழித்துச் சேற்றுப் பூனைப்பருந்து ஒன்று நாணலுக்கு மேலே தாழப் பறந்து வந்தது. வாத்துகள் அனைத்தும் ஒருசேர எழுந்து, ஒரு வட்டம் சுற்றி, என் தலைக்கு மேலாகப் போயின. அப்போது கண்டேன். சிலவற்றின் சிறகில் முன்பாதி வெளிறிய நீலச்சாம்பல் நிறமாக இருந்தது. மேகம் விலகிய வானத்தின் ஒரு துண்டை எடுத்து ஒட்டினாற்போல. மற்றவற்றிற்கு அவ்விடம் மங்கிய பழுப்புச் சாம்பல். கிளுவைக்கு அந்த நீலம் கிடையாது. மை எழுத்தை அடித்தேன். கோட்டையும் அடித்தேன்.

நீல முன்சிறகு உடைய அச்சிறு வாத்து நீலச்சிறகி. நீளம் 40 சென்டிமீட்டர் அளவு. ஐரோப்பாவிலும் ஆசியாவின் வடபகுதியிலும் குஞ்சு பொரித்து, குளிர் தொடங்குமுன்னே ஆப்பிரிக்காவுக்கும் நம் நாட்டுக்கும் வந்துவிடுவது. வரும் வாத்துகளுள் முந்தி வருவதும், பிந்திப் போவதும் பெரும்பாலும் இதுவே. நம் நாட்டில் காலில் வளையம் இடப்பெற்ற நீலச்சிறகிகள் பின்னர்ச் சைபீரியப் பகுதிகளில் அகப்பட்டமையால் அவற்றின் வழி ஓரளவு தெரியவந்தது. நானூறு கிராம் எடையுள்ள உடம்பு அத்தனை தொலைவு கடந்து நம் அணைக்கட்டின் சேற்றுக்கு வருகிறது.

பெயர் கிடைத்துவிட்டது, சிக்கல் தீரவில்லை. புத்தகத்திலே நீலச்சிறகியின் சேவல், பழுப்புத் தலையில் கண்ணுக்கு மேலிருந்து பிடரி வரை பிறைபோல் வளைந்த வெண்புருவம் உடையது. மார்பு பழுப்பு, விலாப்புறம் சாம்பல். அப்படி ஒன்றுகூட என் முன்னே இல்லை. முப்பது ஆண்டுகளுக்கு முன் கேட்ட குரல் மீண்டும் கேட்டது: எல்லாம் பெட்டையானால் சேவல் எங்கே?

விடையைப் புத்தகத்தின் விளக்கப் பகுதியில் கண்டேன். வடநாட்டு வாத்துகளுள் பலவற்றின் சேவல்கள், பேடை முட்டையிட்டு அடைகாக்கும் பருவத்தில் அதைப் பிரிந்து போய்விடும். பின்பு அவற்றின் அழகிய இறகுகள் உதிரும். அதனினும் வியப்பு, சிறகின் பெரிய இறகுகள் எல்லாம் ஒருங்கே உதிர்ந்துவிடும். கோழியும் காக்கையும் ஒன்றிரண்டாக உதிர்த்து முளைப்பிக்கும், வாத்து அப்படியன்று. மூன்று நான்கு வாரம் அது பறக்கவே இயலாது. நரிக்கும் பருந்துக்கும் எளிய இரையாகும் அந்நாட்களில் பளபளக்கும் உடை ஆகாது. எனவே சேவல் பேடையின் பழுப்பு நிறத்தை உடுத்துக்கொண்டு நாணலில் ஒளிகிறது. சிறகு முளைத்த பின்னும் பழைய அழகு உடனே திரும்புவதில்லை. ஊசிவால் வாத்தின் சேவல் சற்று விரைவில் மாற்றிக்கொள்ளும். நீலச்சிறகியோ மிகவும் தாமதிக்கும். பேடை வேடத்திலேயே நம் நாட்டுக்கு வந்து, தை மாசி வரை அவ்வேடத்திலேயே இருக்கும். முகமும் மார்பும் விலாவும் மாறும். ஆனால் சிறகின் முன்பாதியில் உள்ள நீலத்தை மட்டும் மறைக்க அதற்கு இயலாது.

1988-இல் சேவல்கள் வேறு குளத்தில் இருக்கவில்லை. அந்த மாணவனின் கண்ணெதிரிலேயே மிதந்துகொண்டிருந்தன.

படித்தது போதாது, கண்ணால் காண வேண்டும் என்று தோன்றியது. அந்தப் பனிக்காலம் முழுவதும் வாரத்தில் இரண்டு நாள் போனேன். மார்கழியில் மாற்றம் ஒன்றும் இல்லை. தைப் பொங்கல் கழிந்து சில நாளில், ஒரு வாத்தின் கண்ணுக்கு மேலே சுண்ணாம்பு தொட்ட விரலால் இழுத்தாற்போல ஒரு வெண்கீற்றைக் கண்டேன். அதன் மறுவாரம் மூன்று. விலாவில் பழுப்பினூடே சாம்பல் நிறம் திட்டுத்திட்டாகத் தலைகாட்டியது; கூத்து முடிந்தவன் அரிதாரத்தைப் பாதி துடைத்த முகம்போல் இருந்தது. மாசி நடுவில் எண்ணினேன்: 31 வாத்துகளில் 14 சேவல்கள், பிறைப் புருவம் முழுமையாக. ஒரு சேவல் தலையைப் பின்னே சாய்த்துக் குரல் கொடுத்தது. வாத்தின் குரலே அன்று. சீப்பின் பற்களின்மேல் நகத்தை இழுத்தால் எழும் கறகறப்பு.

இவ்விடத்தில் ஒரு செய்தி. ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு 1987 முதல் ஆண்டுதோறும் சனவரியில் நடந்து வருகிறது. பயிற்சி பெற்ற அறிஞர் மட்டுமன்றி, உங்களைப் போன்ற மாணவரும் அதிற் கலந்துகொள்கின்றனர். கார்னெல் பல்கலைக்கழகப் பறவையியல் ஆய்வகம் பங்குகொண்டு 2002-இல் தொடங்கிய ஈபேர்டு என்னும் கணினிப் பதிவேட்டிலும் எவரும் தாம் கண்டதைச் சேர்க்கலாம். அதில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி ஒன்று உண்டு. இன்ன வாத்து என்று துணிய முடியாதபோது, ‘வாத்து, இனம் தெரியவில்லை’ என்று பதிவதற்கும் அங்கே முறையான இடம் இருக்கிறது. அதை யாரும் இகழ்வதில்லை. தவறான பெயரொன்று நூறு பதிவுகளைக் கெடுக்கும். பெயரில்லாப் பதிவு எதையும் கெடுப்பதில்லை. என் பாடக்குறிப்பில் அப்படி ஒரு பத்தி இருந்திருக்கலாகாதா என்று நினைத்துக்கொள்வேன்.

2022 மாசி மாதம். ஸ்ரீவைகுண்டம் பேருந்து நிலையத்தில் ஒருவர் ஓடி வந்து வணங்கினார். நெற்றியில் நரை, ஆனால் கண் மாறவில்லை. பின்வரிசை மாணவன்தான். தூத்துக்குடியிலிருந்து உப்பு ஏற்றிக்கொண்டு வடக்கே போகும் லாரிக்கு ஓட்டுநர் என்றார். நலம் விசாரித்து முடிந்ததும், சேவலைப் பற்றி அவர் கேட்ட வினாவை நினைவூட்டினேன்.

“நானா சார் கேட்டேன்? கேள்வி நினைவில்லையே,” என்று சிரித்தார். சற்றுப் பொறுத்து, “உட்காருன்னு சொன்னீங்க. அது நினைவிருக்கு,” என்றார். மனத்தில் வன்மம் ஏதும் இல்லாமல்தான் சொன்னார். எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. மறுநாள் காலை ஓய்வா என்று கேட்டேன். ஓய்வுதான் என்றார்.

மறுநாள் தென்கரையில் அவரை நிறுத்தித் தொலைநோக்கியைக் கையில் கொடுத்தேன். வெண்புருவச் சேவல்கள் நன்றாகத் தெரிந்தன. “அன்று நீ கேட்டதற்கு விடை இது. நான் சொன்னது தவறு,” என்றேன். நெடுநேரம் பார்த்தார். கண்ணை எடுக்காமலே கேட்டார்: “வேஷத்துல இருக்கும்போது பெட்டைக்கு மட்டும் அது சேவல்னு எப்படி சார் தெரியும்?”

“தெரியாதப்பா. படித்துப் பார்த்துச் சொல்கிறேன்,” என்றேன்.

படித்தேன். நீலச்சிறகிகள் துணை தேடுவது, பனிக்காலம் கழிக்கும் இடத்திலும் வடக்கே திரும்பும் வழியிலும். சேவல் தன் உடையை மீட்டுக்கொண்ட பின்னரே அது முறையாகத் தொடங்கும். தலையைப் பின்சாய்த்து எழுப்பும் அந்தக் கறகறப்பும் பேடையை நோக்கியதே. வேடத்தில் இருக்கும் மாதங்களில் பேடைக்கு அவனைச் சேவல் என்று அறியவேண்டிய தேவை அவ்வளவாக இல்லை. இவ்வளவையும் ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டு, பங்குனி பிறந்த இரண்டாம் நாள் தொலைபேசியில் அழைத்தேன். ஒசூருக்கு அருகே சாலையோரம் லாரியை நிறுத்திவிட்டுப் பேசினார். முழுவதும் கேட்டார்.

“இந்த லோடு இறக்கிட்டு வந்துர்றேன் சார். அதுக்குள்ள போயிருமா?”

இன்னும் இரண்டு வாரமாவது இருக்கும் என்றேன்.